கூரை இல்லாதவருக்கும் ஒரு பங்கு வெயில்

எங்கள் தெருவில் மூன்று மாடி வீடு ஒன்று இருக்கிறது. ஆறு குடித்தனம். கோடையில் இ.பி. பில் வரும் வாரத்தில் அந்த வீட்டு மாடிப்படியில் வேறு பேச்சே இருக்காது. இரண்டாம் மாடியில் இருக்கும் தையல்காரர் ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார். "சோலார் போட்டா மானியம் தர்றோம்னு டி.வி.யில சொல்றாங்களே சார், எனக்குத் தருவாங்களா?"

தருவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மொட்டை மாடி வீட்டுக்காரருடையது. அவர் வேறு ஊரில் இருக்கிறார். நாளைக்கே தையல்காரர் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தால், பேனலைக் கழற்றித் தலையில் சுமந்துகொண்டா போவார்? மூன்று தையல் மிஷின்கள் ஓடும் வீடு அது. மின்சாரச் செலவு குறைந்தால் முதலில் மூச்சு விடப்போகிறவர் அவர்தான். ஆனால் இன்றைய ஏற்பாட்டில் அவருக்கு இடமில்லை.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனல் வைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஒரு கோடி வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. நல்ல திட்டம், சொந்தக் கூரை உள்ளவர்கள் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு கிலோவாட் பேனலுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர், அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் மட்டும் வைத்திருப்பவர், ஓட்டு வீட்டுக்காரர், பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் வீடு உள்ளவர், மானியம் போக மீதித் தொகையைப் புரட்ட முடியாதவர் என்று எண்ணிக்கொண்டே போனால், வெளியே நிற்பவர்கள்தான் அதிகம். இவர்களையும் உள்ளே கொண்டுவருவதற்காக உலகின் பல ஊர்களில் நடக்கும் முயற்சிக்குத்தான் 'கம்யூனிட்டி சோலார்' என்று பெயர். தமிழில் கூட்டுச் சூரிய மின்சாரம் என்று சொல்லலாம்.

இதைப் புரிந்துகொள்ளப் பால் சொசைட்டியை நினைத்துக்கொண்டால் போதும். காலையில் நீங்கள் மூன்று லிட்டர் பால் கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள். அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். அது பத்து வீட்டுப் பாலோடு கலந்து கேனில் போகிறது. உங்கள் மாட்டின் பால் எந்த பாக்கெட்டில் போனது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே மூன்று லிட்டர் இருக்கிறது. அதற்கான பணம் வாரக் கடைசியில் கைக்கு வருகிறது. மின்சாரமும் அப்படித்தான். ஊருக்கு வெளியே ஒரு பொது இடத்தில் பேனல் வைத்து, அதில் வரும் மின்சாரத்தை மின்கம்பியில் விட்டுவிட்டால் அது பொதுக் கம்பியில் கலந்துவிடும். யார் வீட்டு மின்விசிறியைச் சுற்றியது என்று தேட முடியாது. ஆனால் இந்த மாதம் எத்தனை யூனிட் வந்தது, அதில் யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்கெழுத முடியும். அந்தப் பங்கு யூனிட்டை அவரவர் பில்லில் கழித்துக்கொடுத்தால் வேலை முடிந்தது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து 100 கிலோவாட் வைக்கிறார்கள் என்று கொள்வோம். தரையில் வைத்தால் சுமார் அரை ஏக்கர் பிடிக்கும். ஒரு குடும்பத்தின் பங்கு 2 கிலோவாட். இரண்டு மாத பில்லில் அந்தக் குடும்பத்தின் பெயரில் 480 யூனிட் வரவு விழும். வீடு மாறினாலும் பங்கு மாறாது. பழைய மீட்டர் எண்ணுக்குப் பதில் புது மீட்டர் எண்ணை எழுதிக்கொடுத்தால் போதும். இப்படிப் பங்கு பிரித்து பில்லில் கழிப்பதற்குத் தொழில்மொழியில் 'வர்ச்சுவல் நெட் மீட்டரிங்' என்று பெயர். டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே இதற்கு வழிமுறைகளை வெளியிட்டது.

இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பேனல் என்ன விலை?" என்பது. விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டது; தொழில்நுட்பத்திலும் மர்மம் எதுவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இடம் ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது, கம்பி மின்வாரியத்துடையது, பில் கட்டுகிறவர் நான்காமவர். இந்த நால்வரும் 25 ஆண்டுகளுக்கு ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு நிற்க வேண்டும். பேனலின் ஆயுள் அவ்வளவு. கல்யாணத்துக்கு நிகரான உறவு அது. எங்கே இது நிலைத்திருக்கிறது என்று தேடினால், உள்ளூரில் ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற ஓர் அமைப்பு நடுவில் நின்ற இடங்களே கண்ணில் படுகின்றன.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு சிற்றூர். ஆங்கிலேயர் காலத்தில் கைரா என்று அழைக்கப்பட்ட மாவட்டம்தான் இது. 1946-இல் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவானதும், அதிலிருந்து அமுல் வளர்ந்ததும் இந்த மண்ணில்தான். பால் சொசைட்டியில் வரிசையில் நின்று மூன்று தலைமுறை பழகிய ஊர்கள். 2016-இல் துண்டியில் ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆறு சோலார் பம்பு செட்டுகளையும் உள்ளுக்குள்ளே கம்பியால் இணைத்தார்கள். மொத்தத் திறன் 56.4 கிலோவாட்.

இதற்கு யோசனையும் பெரும்பகுதிப் பணமும் தந்தது சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம், டாட்டா அறக்கட்டளையோடு சேர்ந்து நடத்திய நீர்க்கொள்கைத் திட்டம். அதன் பின்னால் இருந்த பொருளாதார அறிஞர் துஷார் ஷா பல ஆண்டுகளாக ஒரே கவலையைச் சொல்லிவந்தவர். விவசாயிக்கு இலவச சோலார் பம்பு கொடுத்தால் டீசல் செலவு மிச்சம். ஆனால் வெயில் அடிக்கும் நேரமெல்லாம் காசில்லாமல் மோட்டார் ஓடும். ஓடுகிற மோட்டாரை நிறுத்த அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? கிணறு வற்றும், போர் இன்னும் ஆழம் போகும். இந்தக் கவலை நமக்கும் புதிதில்லை.

துண்டியில் அதற்கு ஒரு விடை கண்டார்கள். மோட்டார் ஓடாத நேரத்தில் பேனல் தரும் மின்சாரத்தை மின்வாரியம் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது விவசாயி ஒவ்வொரு யூனிட்டையும் தண்ணீர் இறைக்கச் செலவழிக்கலாமா, விற்கலாமா என்று கணக்குப் போடுவார். மின்சாரமும் அவர் வயலில் விளையும் ஒரு பயிராகிவிடும். நெல் போல, பருத்தி போல, அதற்கும் ஒரு விலை. வெள்ளம் வந்தாலும் பூச்சி வந்தாலும் அழியாத பயிர்.

மத்திய குஜராத் மின்வழங்கல் நிறுவனம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு என்று 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மேற்கொண்டு நீர் நிறுவனம் பசுமை மின்சாரத்துக்காக 1 ரூபாய் 25 காசும், நிலத்தடி நீரைச் சேமிப்பதற்காக 1 ரூபாய் 25 காசும் ஊக்கத்தொகையாகக் கொடுத்தது. ஆக யூனிட்டுக்கு 7 ரூபாய் 13 காசு. 10 கிலோவாட் பேனல் வைத்திருப்பவர், மோட்டார் போடாத ஒரு தெளிந்த நாளில் 40 யூனிட் விற்றால் 285 ரூபாய் கைக்கு வரும். தண்ணீர் தேவையில்லாத மாதங்களில் இது சம்பளம் மாதிரி.

இங்கே கவனிக்க வேண்டியது மீட்டர் ஏற்பாடு. மின் நிறுவனம் ஆறு விவசாயிகளோடு ஆறு ஒப்பந்தம் போடவில்லை. ஒரு சங்கத்தோடு ஒரே ஒப்பந்தம், வாங்கும் இடத்தில் ஒரே மீட்டர், ஒரே காசோலை. சங்கத்துக்குள்ளே ஒவ்வொருவர் வயலிலும் தனி மீட்டர் இருக்கிறது. அதைப் படித்து, யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொடுப்பது சங்கத்தின் வேலை. ஐந்து கிலோவாட்டும் பத்து கிலோவாட்டும் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான சின்ன உற்பத்தியாளர்களை ஒவ்வொருவராகக் கட்டி மேய்க்க எந்த மின்வாரியத்துக்கும் ஆளும் இல்லை, மனமும் இல்லை. கூட்டுறவு நடுவில் வந்ததும் அந்தத் தலைவலி தீர்ந்தது.

மின் நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். அந்த ஆறு பேரும் 25 ஆண்டுகளுக்கு மானிய விலை விவசாய மின் இணைப்பு கேட்பதில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். விவசாய இணைப்பு ஒவ்வொன்றும் மின் நிறுவனத்துக்கு வருடா வருடம் நஷ்டக் கணக்கு. அந்த நஷ்டம் மிச்சம். இரு தரப்பும் எதையோ விட்டுக்கொடுத்து எதையோ பெற்றதால்தான் கையெழுத்து விழுந்தது. ஊர்க்கூட்டு என்று பேசும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் மட்டும் ஒப்பந்தம் நிற்காது. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பேனல்களை உயரமான கால்களில் நிறுத்தி, அடியில் கீரையும் காய்கறியும் போட்டார்கள். பக்கத்து வயல்காரர்களுக்கு டீசல் இன்ஜின்காரர் கேட்பதைவிடக் குறைந்த விலையில் தண்ணீர் விட்டார்கள். சொந்தமாகப் பேனல் இல்லாத சிறு விவசாயிக்குக் கிடைத்த லாபம் அது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். பின்னால் மேலும் மூன்று விவசாயிகள் சேர்ந்தார்கள். முதலில் சேர்ந்த ஆறு பேர் கட்டியதைவிடப் பல மடங்கு பங்குத்தொகை கொடுத்துச் சேர்ந்தார்கள். ஒன்பது பேர், 71.4 கிலோவாட் என்று சங்கம் வளர்ந்தது. கண்ணால் பார்த்த பிறகு வந்த நம்பிக்கைக்கு அந்த மூன்று பேரின் பணமே சாட்சி.

2018-இல் பக்கத்து ஆனந்த் மாவட்டத்து முஜ்குவா கிராமத்தில் பதினொரு விவசாயிகள் இதே மாதிரி ஒரு சங்கம் அமைத்தார்கள். அங்கே துணை நின்றது தேசிய பால்வள வாரியம். பாலுக்குக் கூட்டுறவு கட்டிய கைகளே வெயிலுக்கும் கட்டின. அதே ஆண்டு ஜூனில் குஜராத் அரசு 'சூர்யசக்தி கிசான்' என்ற திட்டத்தை அறிவித்து, விவசாயி விற்கும் மின்சாரத்துக்கு முதல் ஏழு ஆண்டுகள் யூனிட்டுக்கு 7 ரூபாய், அடுத்த பதினெட்டு ஆண்டுகள் 3 ரூபாய் 50 காசு என்றது. 2019-இல் வந்த மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்திலும், மின் இணைப்புள்ள பம்புகளை சோலாருக்கு மாற்றி மிச்ச மின்சாரத்தை விற்பதற்கு ஒரு பிரிவு இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துண்டியின் முதலீட்டில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்த பணம். ஊக்கத்தொகையும் அப்படியே. இதே தாராளத்தை லட்சம் கிராமங்களுக்குக் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. அதனால் துண்டியை அப்படியே நகலெடுக்க முடியாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஒரே மீட்டர், ஒரே ஒப்பந்தம் என்ற வடிவம் ஒன்று, உள்ளூரில் பழகிய அமைப்பிடம் கணக்கை ஒப்படைக்கும் முறை மற்றொன்று.

நகரத்துத் தையல்காரருக்கு விவசாயியின் கதை எந்த வகையில் பொருந்தும்? அவருக்கு லண்டனைக் காட்டலாம். தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் என்ற பகுதி. அங்கே லஃப்பரோ எஸ்டேட் என்பது லாம்பெத் நகர சபையின் குடியிருப்பு, நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி. 2012-இல் அதன் எல்மோர் ஹவுஸ் என்ற கட்டடத்தின் கூரையில் 37 கிலோவாட் பேனல் வைத்தார்கள். தேவையான 75,000 பவுண்டைப் பெரும் கம்பெனி எதுவும் போடவில்லை. அந்தப் பகுதி மக்கள் பங்கு வாங்கிச் சேர்த்தார்கள். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கூரை நகர சபையுடையது. அந்த மின்சாரத்தில் கட்டடத்தின் லிஃப்டும் படிக்கட்டு விளக்குகளும் ஓடின. வருமானத்தில் ஒரு பகுதி, குளிரில் வெப்பம் வெளியேறாமல் வீட்டின் சந்துபொந்துகளை அடைப்பது போன்ற வேலைகளுக்கான நிதிக்குப் போனது. எஸ்டேட் இளைஞர்கள் சம்பளத்தோடு தொழில் கற்றார்கள்.

பேனல் வைத்து பில்லைக் குறைப்பதோடு நின்றிருந்தால் அங்கே குடியிருப்பவர்களில் பலர் அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மேலே ஏறி வேலை பார்த்தான் என்பதால்தான் அது தங்களுடையது என்று தோன்றியது. ஆனால் இந்த முயற்சிகளைத் தாங்கிப் பிடித்தது, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிச்சய விலை தந்த பிரிட்டிஷ் அரசின் திட்டம். 2019 மார்ச் இறுதியோடு புதியவர்களுக்கு அந்தக் கதவு மூடியது. புதுக் கூட்டுறவுகள் திணறத் தொடங்கின. ஊர்க்கூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மேலே இருக்கும் சட்டம் நடுவழியில் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

அமெரிக்காவில் வேறு சிக்கல் வந்தது. அங்கே கொலராடோ மாநிலம் 2010-இலும், மின்னசோட்டா 2013-இலும் கூட்டுச் சூரிய மின்சாரத்துக்கென்றே சட்டம் போட்டன. பங்குதாரர்களைச் சேர்க்கும் கம்பெனிகள் கடன் வரலாற்றைப் பார்த்தன; நீண்ட ஒப்பந்தம் கேட்டன. கூரை இல்லாதவருக்காக வந்த திட்டத்தில் வசதியுள்ளவரே முதலில் நுழைந்துவிடும் ஆபத்து. கொலராடோ சட்டம் இதை முன்கூட்டியே யோசித்து, பங்குகளில் 5 விழுக்காட்டைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்கச் சொன்னது. ஐந்து என்பது என் பார்வையில் மிகக் குறைவு. ஆனாலும் சட்டத்தில் எழுதியது சரி. எழுதாவிட்டால் அந்த ஐந்தும் போயிருக்காது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நம்மிடம் முன்மாதிரி இல்லை என்று யாராவது சொன்னால் ஓடந்துறையை நினைவுபடுத்த வேண்டும். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில், காரமடை ஒன்றியத்தில் இருக்கும் ஊராட்சி. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனபோது, அன்றைய தலைவர் இரா. சண்முகம் காலத்தில் ஊராட்சி ஒரு முடிவெடுத்தது. 2006-இல் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன்.

காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம், மைவாடியில் நிற்கிறது. அங்கே உற்பத்தியாகும் யூனிட் பொதுக் கம்பியில் கலக்கிறது. இங்கே ஊராட்சியின் கணக்கில் கழிகிறது. மிஞ்சியதை மின்வாரியம் வாங்கிக்கொண்டது. அந்த வருமானத்திலேயே கடன் தவணை கட்டினார்கள். காற்று என்பதை எடுத்துவிட்டு வெயில் என்று வைத்துப் பாருங்கள். நான் மேலே சொன்ன பால் சொசைட்டிக் கணக்கு இதுதான். ஓர் ஊராட்சி, ஒரு வங்கி, மின்வாரியம் என்று மூவர் கூடி, இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

பிறகு ஏன் பரவவில்லை? ஒரு காரணம் நம் கட்டண முறை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். விவசாயத்துக்கு முழுக்கவே இலவசம். ஏழைக் குடும்பத்துக்கும் விவசாயிக்கும் இது பெரும் ஆறுதல். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் செலவழிக்கும் குடும்பத்திடம் போய், "பங்கு வாங்குங்கள், பில் குறையும்" என்றால் அவர்கள் சிரிப்பார்கள். குறைய அங்கே என்ன இருக்கிறது? ஆகவே வீட்டு பில்லிலிருந்து தொடங்கும் அமெரிக்க வழி நம் கிராமங்களுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. தையல்காரர் போல வீட்டிலேயே தொழில் செய்பவர்களுக்கு அது பொருந்தும். அவர்களுக்காக டெல்லி போல இங்கேயும் தெளிவான, எளிய விதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கிராமத்தில் தொடங்க வேண்டிய இடம் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி.

சென்ற ஆண்டு உறவினர் ஊருக்குப் போயிருந்தபோது, தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டரோடு மோட்டார் ரூமில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரில் இருந்த மீட்டரில் சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. "ஒவ்வொரு மின்னலுக்கும் பஞ்சாயத்துப் பணம் போவுதுண்ணே" என்றார். காலையில் நான்கு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மோட்டார் போடுகிறார். ஏன் விடியற்காலையில் போட வேண்டும் என்று கேட்டேன். "ஆறு மணிக்குக் குழாய் திறக்கணும்ல. மத்தியானமே ஏத்தி வெச்சாலும் ஆவும். பழக்கம்தான்" என்றார்.

அந்தப் பதிலில் பெரிய விஷயம் இருக்கிறது. சோலாரில் விலை கூடுதலானதும் சீக்கிரம் கெடுவதும் பேட்டரிதான். அந்த ஊரின் நுழைவிலேயே நான்கு சோலார் தெருவிளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. பேட்டரி போனது, விளக்கும் போனது. பெட்டி காலியாகத் தொங்குகிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு பேட்டரி தேவையில்லை. பகல் வெயிலில் மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்துவிட்டால், அந்தத் தண்ணீரே சேமித்த மின்சாரம். மறுநாள் விடிகாலை குழாயைத் திறந்தால் அது தானாக இறங்கி வரும். மோட்டார் போடும் நேரத்தை மட்டும் நண்பகலுக்கு மாற்ற வேண்டும். மின்சாரக் கட்டணத்தில் மிச்சமாகும் பணம் ஊர்ப் பொதுப் பணம். அதனால் கூரை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமே அங்கே எழாது.

இதற்கு வேண்டிய கூட்டாளிகள் ஒவ்வோர் ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அரசுப் பள்ளிக் கூரையோ சமுதாயக் கூடத்துக் கூரையோ ஊராட்சி ஒதுக்கினால் இடம் கிடைத்துவிடும். கூட்டுறவுக் கடன் சங்கமும் வங்கியும் இருக்கின்றன. பேனலில் தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் உற்பத்தி குறையும்; வாரம் ஒருமுறை கழுவித் துடைக்க ஓர் ஆள் வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவுக்குச் சம்பளத்தோடு அந்த வேலையை ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். மாதா மாதம் கணக்கு எழுதி வசூல் செய்வதில் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் பல அலுவலகங்களுக்கு இல்லை. பக்கத்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த பிள்ளைகளுக்கு இன்வெர்ட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தால், ஒரு ஃபியூஸ் போனதற்காக மாவட்டத் தலைநகரிலிருந்து ஆள் வரும்வரை பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன நான்கு தெருவிளக்குகளும் செத்தது ஆளில்லாமல்தான். வைத்தவர்கள் போய்விட்டார்கள், பார்த்துக்கொள்ள யாரிடமும் சொல்லவில்லை.

யாராவது ஒரு நிறுவனம் உங்கள் ஊருக்கோ அடுக்குமாடி சங்கத்துக்கோ "நாங்களே எல்லாம் போட்டுத் தருகிறோம், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று வந்தால், விரட்ட வேண்டாம், உட்காரவைத்துக் கேளுங்கள். யூனிட் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுமா, எவ்வளவு? இன்வெர்ட்டர் பத்து ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவு யார் தலையில்? கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது? கம்பெனி கைமாறினால் ஒப்பந்தம் என்ன ஆகும்? 25 ஆண்டுகள் முடிந்ததும் பேனல் யாருடையது, குப்பையானால் யார் அகற்றுவது? இவற்றுக்கான பதில் தமிழில், தாளில், எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. உள்ளூரில் ஒருவருக்காவது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் புரிந்திருக்க வேண்டும். அவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியராக இருக்கலாம். பிந்தையவர் கிடைத்தால் விடாதீர்கள். கம்பியும் மீட்டரும் அலுவலக நடைமுறையும் தெரிந்த அவரைப்போல் இதற்கு உதவக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இடமுண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பராமரிப்புக் கட்டணத்தில் பெரும்பகுதி இந்தப் பொது பில்லுக்குத்தான் போகிறது. வாடகைக்கு இருப்பவரும் அந்தப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டுகிறவர்தான். அதனால் பொது பில் குறைந்தால் அவருக்கும் குறைய வேண்டும் என்று சங்கத் தீர்மானத்திலேயே எழுதிவையுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு வழி இன்னும் நேரானது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: போன ஆண்டு நம் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி கட்டிய மின்கட்டணம் எவ்வளவு? தொகையைக் கேட்டு வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மற்ற பேச்சையெல்லாம் அதன் பிறகு தொடங்கலாம்.